முப்பது ரூபாய் குமாஸ்தாவும் ஆறே முக்கால் லட்சம் கோடியும்

1915-ம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் நீண்ட கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதில் எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மொத்தம் 102 எண்கள். பட்டியலின் கடைசியில் நிற்கும் எண் 67,46,32,83,88,800. வாயால் சொல்ல வேண்டுமானால், 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

இந்த எண்ணைக் கண்டுபிடித்தவர், அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்து கணக்கு எழுதியவர். அவர்தான் கணிதமேதை சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜனின் பெயரை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அவர் வேலை தேடி வீடு வீடாக அலைந்ததையும், இந்தப் பட்டியலில் எழுதாமல் விட்ட ஓர் எண்ணையும் அறிந்தவர்கள் குறைவு. ஊரை விட்டு வந்து ஏடுகளோடும் ரசீதுகளோடும் பிழைப்பவர்களுக்கு அந்தக் கதை மிகவும் நெருக்கமானது.

கல்பாத்திக்கும் கும்பகோணத்துக்கும்

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தாரின் முன்னோர் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. விசுவநாத சுவாமி கோயில் தேர்த் திருவிழாவுக்கும் மாயவரம் திருவிழாவுக்கும் உள்ள ஒற்றுமையை இன்றும் பெரியவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். ராமானுஜன் வளர்ந்தது அதே கும்பகோணத்தில்தான்.

அந்தக் காலத்தில் கல்பாத்தி இளைஞர்களும் கும்பகோணத்து இளைஞர்களும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் கணக்கும் படிப்பது, பரீட்சை தேறுவது, சென்னைக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏறுவது, ஏதேனும் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாவது. அவர்களில் சிலர் அதற்கு மேலும் உயர்ந்தார்கள். 1893-ல் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, வானிலை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார். ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராகவும் இருந்தார். அவருக்குக் கல்லூரிப் படிப்பு கைகொடுத்தது. அவரைவிட ஐந்து வயது மூத்த ராமானுஜனுக்கு அது கைகொடுக்கவில்லை.

துணிக்கடைக் கணக்கர் மகன்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் தாய் வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். குடும்பம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் குடியிருந்தது. வருமானம் சொற்பம்.

டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் நல்ல மாணவர். பரிசுகளும் பெற்றார். சுமார் 15 வயதில் கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களைப் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் அடுக்கி வைத்த புத்தகம் அது. ஒவ்வொன்றையும் தாமே நிரூபிக்க முயன்றார் ராமானுஜன். அதிலிருந்து புதிய சூத்திரங்களும் பிறந்தன. அவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்.

அந்தப் பித்து அவருடைய படிப்பைக் கவிழ்த்தது. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு பாடங்களைத் தொடவில்லை. இங்கிலீஷ் கட்டுரைப் பாடத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் அங்கும் தேறவில்லை. பட்டமும் கிடையாது, உத்தியோகமும் கிடையாது.

1909-ம் ஆண்டு ஜூலையில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் ஜானகிக்கு வயது 10. ராமானுஜன் இனிச் சும்மா இருக்க முடியாது.

வேலை கேட்டு வந்தவர்

1910-ல் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைத் தேடிப் போனார். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. கையில் நோட்டுப் புத்தகங்களைத் தவிர வேறு சிபாரிசு இல்லை. அவற்றைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீசில் அடைத்து வைப்பது பாவம் என்று கருதி, வேலை கொடுக்காமல், கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

சென்னையில் பேராசிரியர் சேஷு ஐயரின் ஆதரவு கிடைத்தது. அதன் பின் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் ஏட்டில் ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஆயினும் பிறர் பணத்தில் நெடுநாள் வாழ அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாய் சம்பளத்தில் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்தார். சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கும் மனுப் போட்டார். அந்த ஆண்டு மார்ச் 1-ந் தேதி கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் ரூ.30.

அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். ஆபீஸ் முடிந்த பின் இரவில் இருவரும் ஆளுக்கொரு பலகையை மடியில் வைத்துக் கொண்டு கணக்குப் போடுவார்கள். காகிதம் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். ராமானுஜன் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக் கொள்வார். வழிமுறைகள் பலகையோடு அழிந்தன. முழங்கை கறுத்துப் போயிருந்ததாக அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நாராயண ஐயரும் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் கொடுத்த ஊக்கத்தால் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதங்கள் போயின. இருவர் கவனிக்கவில்லை. 1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜில் ஜி. எச். ஹார்டிக்குப் போயிற்று. தாம் துறைமுக ஆபீசில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்பதை ராமானுஜன் அதில் மறைக்கவில்லை. ஹார்டி அதனுடன் வந்த சூத்திரங்களைப் பார்த்து அசந்து போனார்.

அந்த ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை அளித்தது. 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, குடுமியை எடுத்துக் கொண்டு, மேல்நாட்டு உடையில், நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் ஏறினார்.

பங்கு போட ஏற்ற எண்கள்

கேம்பிரிட்ஜில் அவர் எழுதிய பெரிய கட்டுரைதான் தொடக்கத்தில் சொன்ன 1915-ம் ஆண்டுக் கட்டுரை. அதன் பொருள், எண்களை எத்தனை விதமாக மீதியில்லாமல் வகுக்கலாம் என்பது.

வளையலை டஜன் கணக்கில் விற்கிறார்கள். 12 வளையலை 2 பேருக்கும், 3 பேருக்கும், 4 பேருக்கும், 6 பேருக்கும் மீதியில்லாமல் பங்கிடலாம். 10 வளையலாக இருந்தால் 2 பேருக்கும் 5 பேருக்கும்தான் சரியாக வரும். 12-ஐ வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்களுக்கு உயர் பகு எண்கள் என்று பெயர்.

முன்னோர் இவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாளுக்கு 24 மணி. ஒரு வட்டத்துக்கு 360 பாகை. மூன்றும் உயர் பகு எண்கள். பழைய ரூபாய்க்கு 16 அணா, அதாவது 192 பை. அது உயர் பகு எண் இல்லாவிட்டாலும் பங்கு போட வசதியானது. ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 அணா 4 பை, மீதியே இல்லை. 1957-ம் ஆண்டு ஏப்ரல் முதல் ரூபாய்க்கு 100 பைசா ஆனது. மூன்று பேருக்குப் பிரித்தால் ஒரு பைசா மிஞ்சுகிறது.

சிறிய எண்களில் இதைக் கைவிரலாலேயே கண்டுபிடிக்கலாம். பெரிய எண்களில் முடியாது. ராமானுஜனின் கடைசி எண் வரை ஒவ்வொன்றாக, நொடிக்கு ஓர் எண் வீதம் சோதித்தால் 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ராமானுஜன் அப்படிச் செய்யவில்லை. அந்த எண்கள் எந்த அமைப்பில் இருந்தாக வேண்டும் என்பதை முதலில் நிரூபித்தார்.

எந்த எண்ணையும் 2, 3, 5, 7, 11 போன்ற பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். உயர் பகு எண்ணில் சிறிய பகா எண்கள் அதிக முறையும், பெரியவை குறைந்த முறையும் வரும். நடுவில் ஒன்றுகூட விட்டுப் போகாது. கடைசியாக வரும் பகா எண் ஒரே முறைதான் வரும். 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு. இவையெல்லாம் அவர் கண்ட விதிகளில் சில.

அவருடைய கடைசி எண்ணைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த எண் வரும். காரணிகளை எண்ணுவதும் சுலபம். ஒவ்வொரு பகா எண் வரும் தடவையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 7, 5, 3, 3, அதன் பின் ஐந்து 2. இவற்றின் பெருக்கம் 10,080. ஒரு வாரத்தில் உள்ள நிமிஷங்களும் சரியாக 10,080 தான்.

பட்டியலில் விடுபட்ட எண்

மின்னணுக் கணிப்பொறி இல்லாத காலத்தில், கையால் போட்ட பட்டியல் இது. பின்னால் வந்த கணித அறிஞர்கள் அதைச் சரிபார்த்தார்கள். எழுதியிருந்த 102 எண்களும் சரி. ஆனால் இடையில் வர வேண்டிய ஒன்று இல்லை. அந்த எண் 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

கணக்கு ஏடு எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு சகஜம் என்பது தெரியும். நூறு பதிவுகளுக்கு மத்தியில் ஒரு வரி விட்டுப் போகும். ராமானுஜன் நிரூபித்த விதிகளுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பட்டியலில் ஒரு வரிதான் இல்லை.

விடுபட்ட எண்ணிலும் ஓர் அதிசயம் இருக்கிறது. அதற்கு 5,040 காரணிகள். கிரேக்க ஞானி பிளேட்டோ தம் லட்சிய நகரத்தில் இத்தனை குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த எண்தான் இந்த 5,040. காரணம், 1 முதல் 10 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 5,040-க்குக் காரணிகள் 60. 60-க்குக் காரணிகள் 12. 12-க்கு 6. ஒவ்வொன்றும் ஓர் உயர் பகு எண்ணே.

இந்த ஆராய்ச்சிக்காக 1916-ம் ஆண்டு மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் ராமானுஜனுக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. இரண்டு கல்லூரிகளில் எப்.ஏ. தேறாதவர் வாங்கிய பட்டம் அது. கட்டுரை முழுவதும்கூட அப்போது அச்சாகவில்லை. யுத்த காலத்தில் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி ஏற்பட்டதால் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பகுதி, ஆராய்ச்சிக் குறிப்புகளுடன் அச்சேற 1997-ம் ஆண்டு ஆயிற்று.

நோயும் புகழும்

யுத்தம், குளிர், தனிமை, சைவச் சாப்பாட்டுக்குப் படும் பாடு. ராமானுஜன் தாமே சமைத்துச் சாப்பிட்டார். நேரம் தவறிச் சாப்பிட்டார். 1917-ல் நோயில் படுத்தார். ஆஸ்பத்திரிகளிலும் சானடோரியங்களிலும் நாட்கள் கழிந்தன. க்ஷயரோகம் என்று அக்கால வைத்தியர்கள் கருதினார்கள். அமீபாக் கிருமியால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆங்கில வைத்தியர் ஆராய்ந்து எழுதினார்.

பட்னி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் அதை மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக் கூடிய மிகச் சிறிய எண் அது. 12-ன் கனம் 1728, அதோடு 1. 10-ன் கனம் 1000, அதோடு 9-ன் கனம் 729.

1918-ம் ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி பெல்லோ ஆனார். அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர். சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித் தொகை அறிவித்தது. இதற்கு அவர் 1919-ம் ஆண்டு ஜனவரியில் அனுப்பிய பதில் குறிப்பிடத்தக்கது. தமக்கு அவ்வளவு பணம் தேவையில்லை என்றும், பெற்றோருக்கும் அவசியச் செலவுக்கும் போக மிஞ்சுவதை ஏழை மாணவர்கள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். உபகாரச் சம்பளம் நின்ற நாள் அவருக்கு மறக்கவில்லை.

1919-ம் ஆண்டு மார்ச் மாதம் ஊர் திரும்பினார். நோய் தீரவில்லை. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிப் பார்த்து, கடைசியில் சென்னை சேத்துப்பட்டுக்கு வந்தார். படுக்கையில் கிடந்த நிலையிலும் எழுதிக் கொண்டே இருந்தார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி காலமானார். அப்போது வயது 32.

ஜானகி அம்மாளின் தையல் இயந்திரம்

ஜானகி அம்மாளுக்கு அப்போது 21 வயது. குழந்தைகள் இல்லை. பம்பாயில் இருந்த சகோதரர் வீட்டுக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கினார். அங்கே தையல் கற்றார். பிறகு சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். பல்கலைக் கழகத்திலிருந்து மாதம் 20 ரூபாய் பென்ஷன் வந்தது. ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார்.

கணவர் கடைசி ஆண்டில் எழுதிய காகிதங்களின் பெரும் பகுதி கடல் கடந்து போய், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்தது. 1976-ல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். தொலைந்த நோட்டு என்று உலகம் இன்று அழைப்பது அதைத்தான்.

கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்ற குறை ஜானகி அம்மாளுக்கு இருந்தது. அது பத்திரிகையில் வெளிவந்தது. உலகெங்கும் உள்ள கணித அறிஞர்கள் பணம் போட்டார்கள். பால் கிரான்லண்ட் என்ற அமெரிக்கச் சிற்பி வடித்த மார்பளவு வெண்கலச் சிலை 1985-ல் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 1994-ம் ஆண்டு ஏப்ரலில் ஜானகி அம்மாள் காலமானார்.

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ந் தேதி 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுக்கலாம். பட்டியலில் விடுபட்ட எண்ணான 2,93,31,86,25,600-ஐ எழுதி, 23-ஆல் பெருக்கச் சொல்ல வேண்டும். பொறுமையாகப் போட்டால் பட்டியலின் கடைசி எண் அப்படியே வந்து நிற்கும்.